பாதையான ஓடை

இது நடந்தது போன மாசியிலா பங்குனியிலா என்பதில் எனக்கே குழப்பம். சில பேச்சுகளை நானாகக் கோர்த்திருக்கவும் கூடும். கயல்விழி கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

முதுநகரில் அவளுடைய அக்கா புருஷன் பழனிவேல் சர்வே அலுவலகம் நடத்தினார். கயல்விழி அங்கே பதினெட்டு வருடமாக வரைபடம் வரைபவள். தேன்குத்தி மலையில் பாக்சைட் தாது வெட்டப்போகும் கம்பெனிக்கு அறிக்கை தயாராகியிருந்தது. அதில் வைத்திருந்த பழைய மலைவரைபடம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே மூலத்தாள்மேல் மெல்லிய தாள் வைத்துக் கறுப்பு மையில் டிரேஸ் எடுத்தது. சரிவில் விட்டுவிட்டுப் போகும் ஒரு கோடு. ஒற்றையடிப் பாதை என்றது அறிக்கை.

அவளுக்கு அது இடித்தது. அந்தக் கோடு பள்ளத்தை விட்டு விலகவே இல்லை. மனிதன் அப்படி நடக்கமாட்டான், தண்ணீர்தான் நடக்கும்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் மூலத்தாள் இருந்தது; தேடிப் போனாள். துணி ஒட்டிய, மடிப்புகளில் வெளுத்துப்போன தாள். பாதைகள் சிவப்பு, ஓடைகள் நீலம். அந்தக் கோடு நீலம். அது தொடங்கும் இடத்தில் ஊற்று. ஊற்றைச் சுற்றி ஊர். கறுப்பு மையில் எல்லாம் ஒன்றாகியிருந்தது. ஒரு மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை.

"மாமா, அது ஓடை. தப்பு என்னோடது. திருத்திடலாம்."

"பதினெட்டு வருஷம் கழிச்சுத்தான் கண்ணு தெரிஞ்சுதா? நாளைக்கு ரிப்போர்ட் போவுது. ஓடைன்னா கவர்மெண்ட்டுல வெட்ட வுடமாட்டான்."

"வுடக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அந்த மலைய நீ பாத்திருக்கியா?"

"இல்ல. வரைஞ்சிருக்கேன்."

"உங்க அக்கா வூட்டு அடுப்பு இதுலதான் எரியுது, கயலு."

"அந்த ஊருக்காரங்க ஒல வைக்கிறது அந்தத் தண்ணியில, மாமா."

பிறகு அவள் தன் நகலின் ஓரத்தில் எழுதினாள்: "இது பாதை அல்ல, ஓடை. டிரேஸ் எடுத்தபோது நான் செய்த தவறு." கீழே கையெழுத்து, தேதி. மூலத்தாளின் வண்ணப் பிரதியோடு அதை மலை இருக்கும் மாவட்டத்தின் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

ஓடைச் சரிவைக் குத்தகையிலிருந்து நீக்கினார்கள். மலையின் மறுபக்கத்தில் வெட்டுகிறார்கள். ஊர் அங்கேயே இருக்கிறது. கம்பெனி வேலை கைவிட்டுப்போன பழனிவேல் பண்ருட்டிப் பக்கம் மனை அளக்கிறார். கயல்விழி அந்த அலுவலகத்தை விட்டு, சிதம்பரத்தில் வீட்டிலிருந்தே வரைகிறாள். அக்கா சௌந்தரம் அவளோடு பேசுவதில்லை.