நாலு மாத ஸ்னாப்ஷாட்

காலை ஆறே முக்காலுக்கு, விழுப்புரத்தில் இளவரசி வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திண்டிவனத்து டயாலிசிஸ் மையத்திலிருந்து நர்ஸ் அமலா பேசினாள்.

"மேடம், விடியக்காலையில கரண்டு போயி யூபிஎஸ்ஸும் நின்னுடுச்சு. கரண்டு வந்துடுச்சு, ஆனா பேஷன்ட் விவரம் எதுவும் தொறக்கல. ஆறு பேரு வந்து ஒக்காந்துகினு இருக்காங்க."

"ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புங்க சிஸ்டர். நான் பஸ் ஏறிடறேன்."

அந்த மையத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்வது இளவரசியின் வேலை. பெட்டி ஒன்றுதான். அதற்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓடும். ஒன்றில் நோயாளிகளின் விவரம், இன்னொன்றில் கேமரா பதிவு. இப்போது இரண்டுமே எழுந்திருக்கவில்லை.

பஸ் விழுப்புரத்தைத் தாண்டும்போது போட்டோ வந்தது. டிஸ்கில் இடமில்லை, மெஷினைத் தொடங்க முடியவில்லை என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ஏன் இடமில்லை என்று இளவரசிக்குத் தெரிந்துவிட்டது.

நாலு மாதம் முன்பு சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கும்போது, ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வசதியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு நாளில், அதுவரை பதிந்ததை மூல ஃபைலோடு சேர்த்துவிட்டு அதை நீக்கியிருக்க வேண்டும். மறந்துவிட்டாள். அன்றிலிருந்து பதிந்ததெல்லாம் ஒரு தனி ஃபைலில் சேர்ந்து, அந்த ஃபைல் வீங்கி டிஸ்கையே அடைத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. நின்றுபோன மெஷின் மறுபடி தொடங்கக் கொஞ்சம் இடம் கேட்கும். அந்த இடம்தான் இல்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டே கால். மயிலத்திலிருந்து வந்திருந்த சின்னக்கண்ணு, நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார்.

"போன தடவ எவ்ளோ தண்ணி எடுத்தாங்க, ஞாபகம் இருக்குதாய்யா?" என்று டாக்டர் கலைப்பிரியா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தாம்மா தெரியும்."

ஒருமுறை அளவு தவறி அதிகம் எடுத்ததில் பிரஷர் இறங்கி அவர் மயங்கி விழுந்திருக்கிறார். அதனால், போன முறை முடித்தபோது இருந்த எடையோடு இப்போதைய எடையை ஒப்பிடாமல் தொடங்க டாக்டருக்கு மனமில்லை. "ஒம்பது வரைக்கும் பாக்கறேன். மூச்சு ரொம்ப வாங்கினா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

சர்வர் அறையில் மேனேஜர் ஜெகதீசன் இளவரசியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "தோ, இந்த ஃபைலுதான் எல்லா எடத்தையும் புடிச்சுக்கினு இருக்குது. டெலிட் பண்ணுங்க, ஜல்தி."

"சார், நாலு மாச ரெக்கார்டும் அதுக்குள்ளதான் இருக்குது. அத அழிச்சா மிஷின் ஏறிடும், சின்னக்கண்ணு ஐயாவோட போன வார வெயிட்டு போயிடும்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"வேற எங்கனா எடம் கெடைக்குதான்னு பாக்கறேன்."

வேறு என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினாள். விண்டோஸ் போடுவதற்காக அவளே ஏற்றி வைத்த பழைய ஃபைல்கள் இரண்டு கிடைத்தன. எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அழித்தாள். பதினோரு ஜிபி காலியானது. ஆனால் மெஷின் கேட்டது பதினாறு.

அந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாள். மெஷினுக்குப் பதினாறு ஜிபி மெமரி ஒதுக்கியிருந்தாள். தொடங்கும்போது அதே அளவு இடத்தை டிஸ்கிலும் அது பிடித்துக்கொள்ளும். மெமரியை எட்டாகக் குறைத்தாள். கேமரா மெஷினைத் தொடவில்லை. அது எழுந்தால் மிச்ச இடத்தையும் தின்றுவிடும். பட்டனை அழுத்திவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

இருபது சதவீதத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.

"வந்துடுச்சு மேடம்!" வெளியே அமலா கத்தினாள். "சின்னக்கண்ணு, போன வெள்ளிக்கெழம, அம்பத்தெட்டு கிலோ நானூறு!"

எட்டு ஐம்பதுக்கு அவரை முதலில் டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள்; மற்றவர்களையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். இளவரசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அமலா கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்து முடித்தாள்.

ஜெகதீசனிடம் அவளே போய்ச் சொன்னாள். "சார், கரண்டு மேல தப்பு இல்ல. நாலு மாசம் முன்ன போட்ட ஸ்னாப்ஷாட்ட நான்தான் நீக்காம வுட்டுட்டேன், அதான் எடம் ரொம்பிடுச்சு."

"நீங்களா சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் அவர். பிறகு, "எடம் கொறைய ஆரம்பிச்சா என் போனுக்கும் மெசேஜ் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க. ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் பாக்கலாம்."

"இன்னிக்கே பண்ணிடறேன் சார்."

ஒரு மணிக்குச் சின்னக்கண்ணு தன் காலால் நடந்து வெளியே வந்தார். மூச்சு சீராக இருந்தது. வாசலில் இளவரசியைப் பார்த்ததும் நின்றார்.

"நீதானா பாப்பா அந்தக் கம்ப்யூட்டர ரிப்பேரு பண்ணது? ஒன்னால என் பன்னெண்டு மணி பஸ்ஸு போயிடுச்சு."

"அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு ஐயா?"

"ஒன்றரைக்கு. பரவால்ல, அதுல கூட்டம் இருக்காது, ஒக்காந்துக்கினு போலாம்."

இளவரசிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக அவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்னாப்ஷாட்டைச் சேர்த்து நீக்க இடம் வேண்டும் என்று புது டிஸ்க் வாங்கக் கடைத்தெரு பக்கம் நடந்தாள்.