பெல் அக்கா

"அப்பா இப்படிக் கிடக்கறப்ப யாரோ ஒருத்தருக்கு ஊசி போடப் போறியா? இது உனக்கே நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கோ இல்லையோ, டியூட்டின்னா டியூட்டிதான் அக்கா."

"பெரிய டியூட்டி. இத்தனை வருஷம் டியூட்டி இல்லாமத்தானே வீட்ல இருந்த? அப்பல்லாம் ஆஸ்பத்திரிய இழுத்து மூடிட்டாங்களா?"

நாத்தனாரின் குரல் ஜன்னலைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுத் தையல்காரியின் மிஷினை நிறுத்தியது. மருமகளின் குரலும் அதற்கு இளைத்ததல்ல. வெள்ளை யூனிஃபார்மும் ஒரு காலில் மட்டும் ஷூவுமாக நின்று, மற்ற ஷூவைக் கையில் பிடித்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள், அதாவது அவள் கணவர், குளித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சண்டை வந்தால் அவருக்கு உடம்பு கசகசத்துவிடும். அன்று காலையில் அது இரண்டாவது குளியல்.

மருமகள் ஒரு காலத்தில் கெட்டிக்கார நர்ஸ் என்று கேள்வி. மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். அந்த மகள் வளர்ந்து, அம்மாவுக்கு முகம் கொடுத்துப் பேசாத வயதுக்கு வந்ததும் மறுபடி சேர்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒன்றும் தாம்பூலம் வைத்து அழைக்கவில்லை. கொஞ்ச காலம் மற்றவர்களின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும், நினைத்தபோதெல்லாம் லீவு போட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே பெயர் எடுத்துவிட்டாள். ஒரு நோயாளியின் மானிட்டரில் கோடு நேராக ஓடுவதைப் பார்த்து, அவசர பெல்லை அழுத்திவிட்டாள். டாக்டர்கள் அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். பார்த்தால், அந்த ஆள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து வார்டில் உள்ள சின்னப் பெண்களுக்கெல்லாம் அவள் பெல் அக்கா. அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் இன்றைக்கு லீவு சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாத்தனாருக்கு விருந்து வைத்தது போல ஆகிவிடும்.

சண்டையில் ஒருவழியாக மருமகள்தான் ஜெயித்தாள். "மாமாவைத் திருப்பிப் படுக்க வச்சுட்டுக் கிளம்பறேன். மத்தியானம் நீங்க பாத்துக்குங்க" என்று உள்ளே போனாள்.

மாமனார் பல மாதங்களாகப் படுக்கையில்தான். டாக்டர்கள் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரைப் புரட்டுவதற்காகப் போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றாள். முழங்கால்களில் ஊதா ஊதாவாகத் திட்டுகள். பாதத்தைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. மூச்சு வந்தது, நின்றது, மறுபடி நினைத்துக்கொண்டது போல வந்தது.

முடிவு இன்றைக்குத்தான் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. உடனே இன்னொன்று கேட்டது: இது கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லை டியூட்டிக்குப் போகாமலிருக்க ஒரு சாக்குத் தேடுகிறாயா?

கேட்டது நியாயம்தான். போன மாதமும் இப்படித்தான் ஒருநாள் பதறிப்போய், வெளியூரில் வேலை பார்க்கும் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்து வாசலில் நின்றான். மாமனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "ஏண்டா, உனக்கு வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு காபி வாங்கிக் குடித்தார். தெரு சிரித்தது இருக்கட்டும், கொழுந்தன் சிரிக்கவில்லை.

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வார்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது வார்டு இன்சார்ஜ். வயதில் இவளுக்கு இளையவள், அதிகாரத்தில் மூத்தவள்.

"என்ன பெல் அக்கா, காய்ச்சலா?"

"மாமனாருக்கு முடியல சிஸ்டர்."

"டாக்டர் பாத்தாரா?"

"இல்ல. நான்தான் பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

சொன்னாள். முழங்கால், பாதம், மூச்சு. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"இவ்வளவு பாத்துட்டு என்கூட என்ன பேச்சு? கூப்பிட வேண்டியவங்களக் கூப்பிடுங்க."

"தப்பா இருந்துட்டா?"

"நாளைக்கு வந்து எங்க வாயில விழுங்க. லீவு விஷயம் நாளைக்குப் பேசிக்கலாம். எனக்கு மேல இருக்கறவங்க என்ன சொல்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அடுத்து கொழுந்தன். அவன் குரலில் அலுவலகத்துச் சளசளப்பும் சேர்ந்தே வந்தது.

"அண்ணி, போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. என் மேனேஜர் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"தெரியல தம்பி. என்னைத் திட்டறதுன்னா திட்டிக்கோ. ஆனா இங்க வந்து திட்டு."

அவள் ஷூவைக் கழற்றியதைப் பார்த்து நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டாள். "என்ன, டியூட்டின்னா டியூட்டிதான்னு யாரோ சொன்னாங்களே?"

"அப்பாகிட்ட உக்காருங்க அக்கா."

"ஏன், இப்ப என்ன வந்துது?"

"சும்மா உக்காருங்க."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அதிசயம், மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் மாமனார் கண் திறந்தார். உதட்டை நனைத்தால் சப்பினார். மகளைப் பார்த்து அடையாளம் தெரிந்தது போலப் புருவத்தை உயர்த்தினார். நாத்தனாருக்குப் போன தெம்பு திரும்பிவிட்டது.

"பாத்தியா, நல்லாத்தான் இருக்கார். எல்லாரையும் பயமுறுத்தறதே உனக்கு வேலையாப் போச்சு."

கொழுந்தன் பாதி வழியில் இருப்பான். திரும்பிப் போ என்று சொல்லிவிடலாமா? இப்போதே ஓடினால் டியூட்டியில் பாதியையாவது காப்பாற்றலாமா? மருமகள் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மறுபடி போர்வையை விலக்கிப் பார்த்தாள். திட்டுகள் தொடைக்கு ஏறியிருந்தன. அதைப் பார்த்து ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. அந்த நினைப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. இதற்கு நடுவே எதிர்வீட்டுத் தையல்காரி, கத்தரிக்கோல் இரவல் கேட்டுக்கொண்டு வந்து, அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தையல்காரி வீட்டில் கத்தரிக்கோல் இல்லையாம்.

வெயில் சாயும்போது கொழுந்தன் வந்தான். தோளில் பை, முகத்தில் எரிச்சல். அப்பாவின் கண் பாதி திறந்திருப்பதைப் பார்த்தான், பிறகு அண்ணியை ஒரு முறை முறைத்தான்.

"சரி, வந்தது வந்துட்ட. பக்கத்துல உக்காந்து பேசு" என்றாள் அவள்.

"என்ன பேச?"

"ஏதாவது."

நாத்தனார் அவனுக்குத் தட்டு வைக்க எழுந்து போனாள். மருமகளின் கணவர் வாசலில் தையல்காரியின் விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் மூன்று பேர்தான். மருமகள் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் மேனேஜரைத் திட்டினான். தங்கியிருக்கும் அறையில் தண்ணீர் வராததைச் சொன்னான். பைக் காலையில் தான் உதைத்தால் கிளம்பாமல், நண்பன் உதைத்தால் மட்டும் கிளம்புவதைச் சொல்லித் தானே சிரித்தான்.

பைக் கதையின் நடுவில் அவள் விரலுக்கடியில் இருந்தது இல்லாமல் போனது. விரலை நகர்த்தி அழுத்தினாள். மார்பைப் பார்த்தாள். காத்திருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை.

வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அப்பாவின் காதருகே குனிந்தான்.

"அப்பா, ஒரு பொண்ணு இருக்குப்பா. ஆபீஸ்ல. வேற ஆளுங்க. அக்காகிட்ட சொன்னா வீட்டையே ரெண்டு பண்ணிடும். உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். போன தடவையே சொல்லலாம்னு வந்தேன், நீங்க வேலை இல்லையான்னு கேட்டதும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். "அண்ணி, கேக்குதா இவருக்கு?"

அவள் மணிக்கட்டை விடவில்லை. "கேக்குது. சொல்லு."

அவன் சொன்னான். அந்தப் பெண்ணின் சிரிப்பு, அவள் அம்மா கேட்ட கேள்விகள், இவன் போட்டுக்கொண்டு போன சட்டை எல்லாவற்றையும் சொன்னான். சாவகாசமாக, ஒன்று விடாமல். சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அதன் பிறகுதான் அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவையெல்லாம் தெருவுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் அவளை ஒரு பிடி பிடித்துவிட்டு வைத்துக்கொண்டார்கள். வேலை நிரந்தரமாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. கொழுந்தன் அடுத்த வருடமே அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமியார் வீட்டுப் பக்கமாகக் குடிபோய்விட்டான். நாத்தனார் குதித்துப் பார்த்தாள். அப்பாவே கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்று ஆன பிறகு எவ்வளவுதான் குதிக்க முடியும்? அவளும் இப்போது தன் மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள்.

கொழுந்தன் எப்போதாவது மனைவியோடு வருவான். சாப்பிட உட்கார்ந்ததும், தான் சொன்னதை அப்பா முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கண் மூடினார் என்று ஆரம்பிப்பான். அவன் மனைவி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணி அவன் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள்.