விருந்தாளி வந்திருக்கிறார்

"பாடியா? பின்பக்கமாக் கொண்டுபோங்க."

வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்கூட ஆகாத காவலாளி வண்டிக் கண்ணாடியைத் தட்டிச் சொன்னதும் அப்பாவின் உடலோடு வந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு இது போதாதா?

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? முப்பது வருஷம் உழைச்ச எடம். இன்னிக்கு எந்தம்பி வெறும் பாடி! சின்னப் புள்ளைங்க கத்திய வெச்சுக்கிட்டுச் சுத்தி நிக்கும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோ, கண்ணு."

அப்பா இந்த மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கூடத்தில் உதவியாளர். நேற்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். தன் உடலை அதே கூடத்துக்குத் தரவேண்டுமென்று எப்போதோ எழுதி வைத்திருந்தார். ஆனாலும் மகள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் மாட்டேன் என்றால் வண்டி வந்த வழியே திரும்பிவிடும். திருப்பச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

பின்வாசலில் துறைத்தலைவர் அம்மாள் காத்திருந்தார். மாணவியாக வந்த முதல் வருடம் இதே கூடத்தில் மயங்கி விழுந்த அவரைத் தண்ணீர் தெளித்து எழுப்பியது அப்பாதான். வண்டிக் கதவு திறந்ததும் அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"விருந்தாளி வந்திருக்காரு. எல்லாரும் எழுந்திருங்க."

உள்ளே முக்காலிகள் ஒருசேர நகர்ந்தன.

அது அப்பாவின் பேச்சு. அங்கே வருகிறவர்களை அவர் ஒருநாளும் பிணம் என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போன் வரும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து சட்டையை மாட்டுவார். "உங்க விருந்தாளிக்கு வேற நேரமே கெடைக்காதா?" என்று அம்மா இருந்தவரை முணுமுணுப்பாள். அவர் சிரிப்பாரே தவிர நிற்கமாட்டார்.

துறைத்தலைவர் படிவத்தோடு ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்தார்.

"இது அண்ணன் ஆரம்பிச்சு வெச்சதும்மா. வர்றவங்களப் பத்தி வீட்டுல ஒரு விஷயம் கேட்டு எழுதிக்குவாரு. பசங்க அதப் படிச்சுட்டுத்தான் வேலையத் தொடங்கணும். அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லும்மா."

மகள் படிவத்தைத் தொடவில்லை.

"ஏழு வயசுல அவர்கிட்ட, 'ஒன் கை நாறுதுப்பா, என்னத் தொடாத'ன்னேன்," என்றாள். "அதுலேருந்து எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவாம என்னத் தொட்டதே இல்ல. இப்ப எனக்கு முப்பத்தஞ்சு. போன வாரம்கூட அப்படித்தான்."

துறைத்தலைவரின் பேனா நின்றது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் முகம் கழுவ நடைக்கு வந்தாள். அங்கே குழாயடியில் வெள்ளைக் கோட்டு மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். சோப்புப் பெட்டியில் பாதி எலுமிச்சம்பழம், வெட்டிய பக்கம் லேசாகக் காய்ந்திருந்தது. ஒவ்வொருவரும் அதைக் கையில் தேய்த்துக் கழுவிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.

"வேல முடிஞ்சுதானே கழுவணும்?" என்று கடைசியில் நின்ற பெண்ணைக் கேட்டாள்.

"அப்பவும்தான்க்கா. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி கட்டாயம் கழுவணும். விருந்தாளிய அழுக்குக் கையால தொடுவியான்னு அண்ணன் பிடிபிடின்னு பிடிச்சிடுவாரு."

மகள் கொஞ்ச நேரம் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிப் போய்ப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போறியாம்மா?" என்றார் துறைத்தலைவர்.

"வர்றேன் மேடம். ஒரு நிமிஷம்."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.