ஓரம் தேய்ந்த பற்கள்

உடலைச் சுமந்து வந்த சந்தூக்கு தெருமுனை வரைகூடப் போகவில்லை. பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஃபியட் கார் நின்றது. எஞ்சினைக் கழற்றிய ரேஸ் கார். பாரம் இல்லாததால் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்தக் குறுகலான தெருவில் அதைத் தாண்டி ஒரு சைக்கிள் போகலாம். நாலு பேர் தோளில் வரும் ஜனாஸா போக முடியாது.

"வண்டியத் தள்ளுங்கப்பா, யாராவது ரெண்டு பேர்," என்றார் ஜமாஅத்திலிருந்து வந்திருந்த ஷாஹுல் ஹமீது.

ரெஹான் முன்பக்கத்து வலது கம்பைச் சுமந்துகொண்டிருந்தான். உள்ளே கிடப்பது அவனுடைய அண்ணன் பீர் முஹம்மது. அன்று காலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்து பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தவர், ஏழரை மணிக்கு ரெஹான் வந்து பார்த்தபோது சுவரில் தலையைச் சாய்த்தபடி இருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. டாக்டர் வந்து மார்படைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். வயது நாற்பத்தேழு.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஸ்ரீவத்சன் ஓடி வந்தான். கார் அவனுடையதுதான். மயிலாப்பூரில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ரேஸ் ஓட்டுபவன். ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் முட்டினான். பின்னால் இரண்டு பேர் தள்ளினார்கள். எஞ்சின் இல்லாத வண்டி சுலபமாக நகர்ந்து எதிர்வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கலிமாவை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு கூட்டம் நடந்தது.

அடக்கம் முடிந்து ராயப்பேட்டை கபர்ஸ்தானை விட்டு வெளியே வரும்போது மணி ஐந்தரை. மற்றவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள். ஸ்ரீவத்சன் வாசலுக்கு வெளியிலேயே காத்திருந்தான்.

"ரெஹான், ஞாயித்துக்கிழமை நான் ஓட்டலை. பேரை வாபஸ் வாங்கிண்டுடறேன்."

"இன்னாத்துக்கு டாக்டர்? எஞ்சின் முக்கால்வாசி முடிஞ்சிபோச்சு. முன்னாடி மூடி மட்டும்தான் தொறந்து கீது. நாளைக்கு முடிச்சித் தரேன்."

"உன்னால முடியுமா?"

"நாளைக்கு வூட்ல உக்காந்துகினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

ஸ்ரீவத்சன் தயங்கிக் கேட்டான். "செயினா, கியரா? முடிவு பண்ணிட்டேளா ரெண்டு பேரும்?"

முடிவு பண்ணவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அண்ணனும் அவனும் கடைசியாகப் பேசியது அதைப் பற்றித்தான்.

எஞ்சினின் கிராங்க், கீழே சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம், பக்கவாட்டில் சுற்றுகிறது. இரண்டும் ஒரு இமைப்பொழுதும் பிசகாமல் சேர்ந்து சுற்ற வேண்டும். கம்பெனி அதற்கு ஒரு செயினைப் போட்டு அனுப்புகிறது. தெருவில் ஓடும் வண்டிக்கு அது ஆயுசுக்கும் போதும். ரேஸில் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு விரட்டும்போது செயின் நீண்டு தளர்கிறது, வால்வு பிந்தித் திறக்கிறது, வேகம் குறைகிறது. செயினை எடுத்துவிட்டு மூன்று பல் சக்கரங்களைக் கோத்துவிட்டால் தளர்ச்சி என்ற பேச்சே இல்லை. ரெஹான் சொன்னது அது. கிராங்க் அதிருகிற அதிர்வை எல்லாம் செயின் வாங்கிக்கொள்ளும், கியர் வாங்காது, அப்படியே கேமுக்குக் கொடுத்துவிடும், செயின் தளர்ந்தால் ரேஸுக்கு ரேஸ் மாற்றிக்கொள்ளலாம் என்பது பீர் முஹம்மதுவின் கட்சி.

இரண்டும் சரிதான். அதனால்தான் சண்டை முடியவே இல்லை. ஆனால் சண்டைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றொன்றில், இதே ஸ்ரீவத்சனின் எஞ்சினுக்கு ரெஹான் கியர் வெட்டிக் கொடுத்தான். ரேஸின் ஐந்தாவது சுற்றில் நடுச் சக்கரத்தின் பல் உடைந்தது. வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு, பிளாக்கே ஓட்டையாகிவிட்டது. பீர் முஹம்மது தனியாக உட்கார்ந்து அந்த எஞ்சினைப் பிரித்தார். ரெஹான் வெட்கத்தில் நாலு நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை. வந்தபோது எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டதாக அண்ணன் சொன்னார். அவன் மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதன் பிறகு கியர் என்று அவன் வாயெடுத்தால் மட்டும், "செயின் போடு," என்பார். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அது அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

புதன்கிழமையும் அப்படித்தான். புதிதாக வெட்டி வந்திருந்த மூன்று சக்கரங்களை மேஜைமேல் வைத்தான். பீர் முஹம்மது ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "செயின் போடு," என்றார்.

"அப்ப நீயே போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு ரெஹான் வீட்டுக்குப் போய்விட்டான்.

இப்போது கபர்ஸ்தான் வாசலில் நின்றுகொண்டு சொன்னான்: "என் கியராலதான் உங்க எஞ்சின் போச்சி. அப்பவும் எங்ககிட்டயே வர்றீங்க. எது போடணும்னு நீங்களே சொல்லிடுங்க."

ஸ்ரீவத்சன் நிமிர்ந்து பார்த்தான். "உன் கியராலயா? பாய் அப்படிச் சொல்லலையே."

"இன்னா சொன்னாரு?"

"அந்த வாரமே எங்காத்துக்கு வந்தார். உள்ள வாங்கோன்னா வரலை, வாசல்லயே நின்னுண்டு பேசினார். 'தப்பு என்னோடது டாக்டர். சக்கரத்தை நான்தான் இறுக்கமா உக்கார வெச்சுட்டேன். சூடானதும் பிடிச்சுண்டுடுத்து. தம்பி வெட்டினதுல ஒரு குறையும் இல்லை'ன்னார். உனக்குத் தெரியும்னுதான் நினைச்சேன்."

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

வீடு வரும்வரை ரெஹான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான். மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவருக்குத் தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லையா? இரண்டு வருஷம் அவன் தலைகுனிந்து நடந்தானே, அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. தன் கை தப்புப் பண்ணவில்லை. அந்த நிம்மதிக்காக அவனுக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்திலிருந்த ஷாஹுல் ஹமீது அவன் முழங்காலில் கையை வைத்து, "அழுதுடு," என்றார். அவனுக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் பட்டறையைத் திறந்தான். கியர்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் திறந்தான். எஞ்சின் ஸ்டாண்டில் நின்றது. முன்மூடி கழற்றப்பட்டு, கிராங்கின் முனையும் கேமின் முனையும் மொட்டையாகத் தெரிந்தன. அண்ணன் எதையும் மாட்டியிருக்கவில்லை.

மூடிக்கு வைக்கும் கேஸ்கட்டைத் தேடிப் பீர் முஹம்மதுவின் டிராயரை இழுத்தான். அந்த டிராயரில் அவன் கைவைத்ததே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கூடு, லைட் பில்கள், அண்ணன் மகள் தஹ்சீன் எட்டாவதில் வாங்கிய மார்க் ஷீட். புதுச் செயின் ஒன்று எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே கலங்கிய எண்ணெயில் மூன்று சக்கரங்கள் கிடந்தன. நடுவில் இருந்ததற்கு இரண்டு பற்கள் இல்லை.

காயலான் கடைக்குப் போகவே இல்லை.

ரெஹான் அவற்றைத் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். இறுக்கமாக உட்கார்ந்து ஓடிய சக்கரம் எப்படித் தேயும் என்று அவனுக்குத் தெரியும். பல்லின் அடிவாரத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கோடு போட்ட மாதிரி பளபளக்கும். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு பல்லும் ஒரு ஓரத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது. மறு ஓரத்தில் வெட்டின தடம்கூட அழியவில்லை. பாரம் முழுவதையும் அந்த ஒரு ஓரமே தாங்கியிருக்கிறது. உடைந்த பற்களும் அந்த ஓரத்திலிருந்துதான் பெயர்ந்திருந்தன.

பல் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோணல். கிண்டியில் சிநேகிதன் பட்டறையில், வாடகை மில்லிங் மெஷினில், ராப்பகலாக நின்று அவன் வெட்டியது.

கொஞ்ச நேரம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தெருவில் மீன்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். பிறகு எழுந்து, பல் எங்கே படுகிறது என்று காட்டும் நீல மை டியூபை எடுத்தான். கிராங்கில் மாட்டும் புதுச் சக்கரத்தின் பற்களில் விரலால் மையைத் தடவினான். மூன்றையும் எஞ்சினில் மாட்டி, கிராங்கைக் கையாலேயே மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினான். நடுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான்.

மை ஒரு ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. எல்லாப் பற்களிலும் அதே ஓரம். அதே மெஷின், அதே கை.

புதன்கிழமை அண்ணன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது எவ்வளவு நேரம்? மூன்று விநாடி இருக்கும்.

புதுச் செயினை எண்ணெய்க் காகிதத்திலிருந்து பிரித்தான். செயின் சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து மாட்டினான். ஒரு தடவை சரிபார்த்தான். கழற்றி மாட்டி இன்னொரு தடவை பார்த்தான். மூடியைப் போட்டுப் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினான்.

சாயங்காலம் ஸ்ரீவத்சன் ஒரு டெம்போவோடு வந்தான். எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி ஏற்றினார்கள். டெம்போக்காரர் கயிறு கட்டும்போது ரெஹான் சொன்னான்.

"செயின்தான் போட்டுகிறேன்."

"சரி."

"டாக்டர், அண்ணன் உங்ககிட்ட சொன்னது பொய். அவர் மேல தப்பு இல்ல. நான் வெட்டினதுதான் கோணல். இன்னிக்குத்தான் பாத்தேன்."

ஸ்ரீவத்சன் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போறது விடு ரெஹான். இப்ப எதுக்கு அது?"

"உங்களுக்குத் தெரியணும். அவரு கையி அப்படி வேல செய்யாது."

"தெரிஞ்சுண்டேன்," என்றான் ஸ்ரீவத்சன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி நான்காவதாக வந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது பிறகு.

வெள்ளிக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு ரெஹான் அண்ணன் வீட்டு மாடிக்குப் போனான். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பூப்போட்ட போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் அண்ணி ஷகீலா இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் திரைக்கு அந்தப் பக்கம்தான். தஹ்சீன் பாய் விரித்து, தட்டு வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றையும் பருப்பையும் போட்டாள்.

"சித்தப்பா, தண்ணி கொண்டாரேன்," என்று கீழே குழாயடிக்குப் போனாள்.

திரைக்குள் வளையல் இல்லாத கை எதையோ மடித்துவைக்கும் சத்தம் கேட்டது.

"எஞ்சின எடுத்துகினு போய்ட்டாரா?" என்றாள் ஷகீலா.

"போய்ட்டாரு அண்ணி."

"இன்னா போட்டே?"

இத்தனை வருஷத்தில் அண்ணி எஞ்சினைப் பற்றிக் கேட்டு அவன் கேட்டதில்லை. திரையைப் பார்த்தான். போர்வையின் பூக்கள் அசையாமல் இருந்தன. அண்ணன் எல்லாவற்றையும் இவளிடம் சொல்லியிருப்பாரா? எவ்வளவு சொல்லியிருப்பார்?

"அண்ணி, உங்களாண்ட அண்ணன்..."

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. செயின் போட்டேன்."

உள்ளே மடிக்கும் சத்தம் நின்றது. தெருவில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போயிற்று.

"சாப்டு ரெஹான்," என்றாள். "ஆறிடப் போவுது."

மண்ணெண்ணெயில் ஒரு தடவையும் சோப்புப் போட்டு மூன்று தடவையும் கழுவியிருந்தான். அப்படியும் விரல் நுனிகளிலும் நகக்கண்ணிலும் மையின் நீலம் போகவில்லை. அந்த விரல்களோடு சோற்றை ஓரத்திலிருந்து ஒதுக்கி, பருப்பில் பிசைய ஆரம்பித்தான்.