அல்பாக்கா சால்வையில் முட்டைக் கறை

1

இந்தக் கதையை ஒரு சலவைத்தூள் பையின் முதுகில் கண்டெடுத்தேன். ‘நொதிகள் அடங்கியது. பட்டு, கம்பளிக்கு ஆகாது.’ பொடி எழுத்து. சபீனா அதைப் படிக்கவில்லை.

2

பெரு நாட்டுப் பூனோவில் விடிந்தபோது ஏரியின் மேல்...

(வேண்டாம். எங்கள் ஊரில் எவன் பேனா எடுத்தாலும் முதலில் ஏரியில்தான் விழுகிறான்.)

சபீனாவின் கணவன் ஹிலாரியோ சிலி நாட்டுச் சுரங்கத்துக்குப் போய் மூன்று வருடம். கிளம்பிய காலையில் அவனுக்கு முட்டை சூப் ஊற்றும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, தன் அல்பாக்கா கம்பளிச் சால்வையில் கொட்டிக்கொண்டாள். கறை போகவேயில்லை. கண்டெலாரியா மாதா திருவிழாவுக்கு வருகிறேன், அதே சால்வையில் என்னோடு ஆடு என்று இப்போது சொல்லியனுப்பியிருக்கிறான்.

தூள் கொண்டுவந்தவள் நாத்தனார் செனோபியா.

“கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க அண்ணி, தூள் செத்துப்போயிரும். வெயில்ல வச்ச தண்ணியில ஊறப்போடுங்க.”

“முழுசாப் போயிருமாடி?”

“போகும், போகும். மூணு வருஷம் கழிச்சு வர்ற எங்கண்ணன் சால்வையவா பாக்கப்போறாரு?”

“சீ, வாயைப் பாரு!”

3

இங்கே எனக்குள்ளிருக்கும் கட்டுரைக்காரன் தலை நீட்டுகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டைக் கறை புரதம். நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டும், தண்ணீர் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அல்பாக்கா மயிரும் புரதம்தானே! நேரம் ஆக ஆக, நொதி இழையிலும் கைவைக்கும்.

(செனோபியாவைத் திட்டாதீர்கள். அவள் துவைப்பதெல்லாம் பருத்தி.)

4

ஊறப்போட்டுக் கால்மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஐந்து வாரமாகக் குரலே கேட்காத ஹிலாரியோ.

“நல்லாருக்கியா புள்ள?”

“ம்.”

“என்ன ம்? கோவமா?”

“இல்ல. பேசுங்க. கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு.”

வைக்கட்டுமா என்று மூன்று தரம் கேட்டான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். வெளியே தொட்டித் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பானது. நொதிக்குப் பிடித்த சூடு.

இந்தக் கதையின் முதல் பிரதியில் இணைப்பைத் துண்டித்தேன். சபீனா தொட்டிக்கு ஓடினாள், சால்வை பிழைத்தது. ஆனால் போனை வைத்தபோது அவள் முகம் போன போக்கு இருக்கிறதே, பாவி, அதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் பிரதியில் பேசவிட்டேன். சாயங்காலம் சால்வையைத் தூக்கினாள். கறை இருந்த இடத்தில்...

(முடிக்க மனசு வரவில்லை.)

5

ஆகவே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இணைப்பை அறுக்க ஒரு வரி போதும். இந்தாருங்கள் பேனா, நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் காது கொடுங்கள்.

“சபீனா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். இருக்கேன், சொல்லுங்க.”