தனக்கோடி பெருக்காத அறை

1998 ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணியிலிருந்து பெங்களூர் நீலசந்திராவில் தனக்கோடியின் வீட்டு உள்ளறையில் பொழுது விடியவில்லை. முன்னறையில் வெயில் இருந்தது. சமையல்கட்டில் வெயில் இருந்தது. உள்ளறையின் இருட்டு கதவு நிலை வரை வந்து நின்றது. மின்சார ஆபீஸ்காரர் நூறு வாட் பல்பு போட்டுப் பார்த்தார். பல்பு எரிந்தது, அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வயரிங் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இருட்டு வடக்கிலிருந்து வந்தது. தனக்கோடியின் கணவன் ஆதிகேசவன் ஹெப்பகோடியில் டின் மூடும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். பதினோரு வருடமாக நைட் ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராது. ஜன்னலுக்குப் போர்வை கட்டினாலும், கண்ணில் ஈரத்துணி போட்டாலும் வெயில் எப்படியோ உள்ளே வந்துவிடும். 96இல் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண்ணசந்து இடது சுண்டுவிரலில் பாதியை இழந்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் வந்ததும் தனக்கோடி விரல்களை எண்ணிவிட்டுத்தான் காபி கொடுப்பாள். ஒன்பதரை. இன்னொரு தடவை கண்ணசந்தால் போவது விரலோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

97 நவம்பரில் நார்வேயின் வடகோடியில் ஒரு மீன் கம்பெனிக்கு விற்ற இயந்திரத்தைப் பொருத்த அவனை இரண்டு மாதத்துக்கு அனுப்பினார்கள். தனியாக வருகிறவர்கள் இருட்டைப் பார்த்துப் பாதியில் ஓடிவிடுவதால், குடும்பத்தோடுதான் வர வேண்டும் என்பது மீன் கம்பெனியின் விதி. தனக்கோடியும் எட்டு வயது மகள் வீணாவும் கூடப் போனார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் சூரியன் உதிக்கவில்லை. திரும்பும்வரை உதிக்கவில்லை. குளிர்காலத்தில் அது அந்த ஊர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி வேனில் ஊர் சுற்றினார்கள். சாலை முடிகிற இடம் வரை போய், அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். உறைந்த ஏரிமேல் நின்று புளிசாதம் சாப்பிட்டார்கள். பனி மான்கள் வழியை மறித்து நின்றபோது வீணா, "நம்ம மார்க்கெட் மாடுங்க மாதிரியே நகராம நிக்குதும்மா" என்றாள். வானம் முழுக்கப் பச்சையாக ஒளி அசைந்தது. தனக்கோடி அண்ணாந்து பார்த்து, "இவ்ளோ சீரியல் லைட் போட்டிருக்காங்க, சாமி எந்தப் பக்கமா வருது?" என்று கேட்டாள். வேன்காரருக்குத் தமிழ் தெரியாது.

ஆதிகேசவன் அங்கே தூங்கினான். பதினோரு வருடத்துத் தூக்கத்தையும் தூங்கினான்.

விளக்கு வைத்தபின் வீட்டைப் பெருக்கி வெளியே தள்ளினால் லட்சுமி போய்விடுவாள். பெருக்கியதை மூலையில் ஒதுக்கி, விடிந்ததும்தான் தள்ள வேண்டும். தனக்கோடி கையோடு கொண்டுபோன காமாட்சி விளக்கை ஏற்றிவைத்து இந்த முறையில் ஒருநாளும் தவறவில்லை. ஐம்பத்தெட்டு நாள் குப்பை மூலையில் சேர்ந்தது. தலைமுடி, மீன் செதில், ரொட்டித்தூள், வீணாவின் பென்சில் சீவல்.

"கொண்டுபோய்க் கொட்டும்மே, நாத்தம் புடிக்குது" என்றான் ஆதிகேசவன்.

"விடியட்டும்."

புறப்படுகிற அன்றும் விடியவில்லை. குப்பையை ஒரு பிஸ்கட் டின்னில் அள்ளி மூடி, புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி டின்னைக் குலுக்கிப் பார்த்து என்ன என்று கேட்டார். "கசா, சார்" என்று கன்னடத்தில் சொன்னாள். குப்பைக்கு வரி இல்லை.

வந்த மறுநாள் காலை, நன்றாக விடிந்தபின், முறைப்படி வீட்டுக்குள்ளிருந்தே பெருக்கித் தள்ள, உள்ளறையில் உட்கார்ந்து டின்னைத் திறந்து கவிழ்த்தாள். குப்பை விழுவதற்கு முன் இருட்டு விழுந்தது. டின் உருண்ட சத்தம் கேட்டு வந்த ஆதிகேசவன் கட்டிலைத் தடவி உட்கார்ந்தான், படுத்தான், சாயங்காலம் ஷிஃப்ட் பஸ்ஸுக்குத்தான் எழுந்தான். பெங்களூரில் அவன் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் விடிந்த வீட்டில் குப்பை கிடக்கக்கூடாது. மறுநாள் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோதே துடைப்பத்தோடு நிலையில் நின்று ஒரு இழுப்பு இழுத்தாள். தரையில் முழ நீளத்துக்கு வெயில் விழுந்தது. ஆதிகேசவன் முனகி, கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தான். பாதிச் சுண்டுவிரல் அந்த வெயிலில் தெரிந்தது. தனக்கோடி இழுத்த குப்பையைக் கையாலேயே திரும்ப உள்ளே தள்ளினாள். வெயில் போயிற்று. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, "ஃபாரின் போய்ட்டு வந்த மகராசிக்குத் தொடப்பம் புடிக்கக் கை கூசுதா?" என்று கேட்டாள்.

"உள்ள இன்னும் விடியலக்கா. எப்படித் தள்றது?"

சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள், இரவுக் காவலாளியான தன் வீட்டுக்காரரைத் தலையணையோடு கூட்டிவந்தாள். "சும்னே காலியாத்தானே இருக்குது, ஒரு ஓரமா கெடக்கட்டும்" என்றாள். 2001இல் உள்ளறை வாசலில் பகலில் ஆறு ஜோடி செருப்பு கிடந்தது. கால் சென்டர்கள் வந்தபின் முன்னறையில் வரிசை நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே நுழைகிற எல்லோருக்கும் தனக்கோடி ஒன்றைத்தான் சொன்னாள்: காலில் ஒட்டிய குப்பையை உள்ளேயே தட்டிவிடாமல் வெளியே வர வேண்டாம்.

2006இல் ஆதிகேசவன் ரிட்டயர் ஆனான். கடைசி நைட் ஷிஃப்ட் முடிந்து மாலையோடு வந்தவனின் விரல்களை எண்ணினாள். ஒன்பதரை. காபி கொடுத்தாள். அவன் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனான். தனக்கோடி முன்னறையைப் பெருக்கினாள். சமையல்கட்டைப் பெருக்கினாள். துடைப்பத்தோடு உள்ளறை நிலையில் நின்று பார்த்தாள். இன்னும் விடியவில்லை. பெருக்கியதை வாரிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.