எந்தத் தோட்டம்?

தான் தங்கியிருந்த நதியா வீட்டு முன்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றபோது, செல்வமுருகனைப் பிடித்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று துர்கா நினைத்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு எழுந்து, கலைந்த தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டாள்.

அவள் சமையலுக்கு இருந்த காட்டேஜின் மேனேஜர் செல்வமுருகன். அவள் அறைக்குள் நுழைந்தவனைத் தள்ளிவிட்டதற்குக் கையை முறுக்கி ஒடித்தான். "போலீசுக்குப் போவியா? போய்த்தான் பாரேன்" என்று சிரித்தான். கூட வேலை பார்த்த நதியாதான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். "அடிபட்டவ நீங்க. உங்கள யாரு என்னக்கா செஞ்சிரப் போறாங்க?"

ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஜெயப்பிரியா டீ வாங்கிக் கொடுத்தாள். துர்காவின் பேச்சு வழக்கைக் கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

"எந்தத் தோட்டம்க்கா?"

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்பது அதைத்தான். பேர்கூட அப்புறம்தான். கொடைக்கானலுக்கு வந்த பிறகு துர்காவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நெஞ்சு இளகிவிட்டது. ஹட்டன் பக்கம் என்றாள்.

"எங்க அம்மாச்சியும் அந்தப் பக்கந்தான்."

அது போதுமாக இருந்தது. டூரிஸ்ட் விசாவில் வந்தது, அது முடிந்தும் தங்கிவிட்டது, எல்லாவற்றையும் கூடப்பிறந்தவளிடம் கொட்டுவதுபோலக் கொட்டினாள்.

இப்போது ஜீப்பிலிருந்து இறங்கியவர் யூனிபார்மில் இல்லை. "பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

"அவன பிடிச்சாச்சுங்களா சார்?"

"அது வேற சோலிம்மா. நாங்க வெளிநாட்டு ஆளுங்களப் பாக்குறவங்க."

அவருக்குப் பின்னால் ஜெயப்பிரியா நின்றிருந்தாள். துர்காவுக்குக் கோபம் வரவில்லை. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து, அது இல்லாமல் போனதுபோல இருந்தது.

"நீங்க சொன்னத மேல சொல்லித்தான் ஆகணும்க்கா" என்றாள் ஜெயப்பிரியா, தரையைப் பார்த்து.

"அவன் செஞ்சதயும் சொன்னேனேம்மா."

"கேஸ் இருக்குக்கா. நீங்க வந்து சாட்சி சொன்னா நிக்கும்."

"எங்கேருந்து வந்து? இலங்கைலேருந்தா?" என்று கேட்டாள் நதியா. வந்தவர் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

ஜீப் காட்டேஜ் வழியாகத்தான் இறங்கியது. வாசலில் யாருடைய பெட்டியையோ இறக்கிக்கொண்டிருந்த செல்வமுருகன் நிமிர்ந்து பார்த்தான். ஜீப்புக்குள் துர்காவைக் கண்டு, தன் கண்ணையே நம்பாதவன்போல அப்படியே நின்றான்.

"தண்ணி வேணுமாக்கா?" ஜெயப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

துர்காவுக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. அந்தக் குரலில் இப்போதும் அதே பிரியம் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.